உங்கள் பரிசோதனை அறிக்கை உங்கள் கையில் இருக்கட்டும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில், நார்த்தாமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அறுபது வயதைக் கடந்த விவசாயி ஒருவரை நெஞ்சுவலியுடன் அழைத்து வந்தார்கள். உடனே இ.சி.ஜி. எடுத்தோம். இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை இருப்பதை அது காட்டியது. இந்தத் தடை சிலருக்குப் பல ஆண்டுகளாகவே இருக்கும். அவர்கள் அதை அறியாமலே வயலுக்குப் போய் வருவார்கள். ஆனால் அதுவே அன்றிரவு புதிதாகத் தோன்றியிருந்தால், இதயத்தின் இரத்தக் குழாயில் பெரிய அடைப்பு ஏற்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். பழையதா, புதியதா என்பதே எங்கள் முன்னிருந்த கேள்வி. அதற்கு அந்த ஒரு தாள் விடை சொல்லாது. முன்பு எடுத்த இன்னொரு தாள் வேண்டும்.

"இதற்கு முன் எப்போதாவது இ.சி.ஜி. எடுத்தீர்களா?" என்று கேட்டோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கண்புரை அறுவைக்கு முன்னர் வேறோர் இடத்தில் எடுத்ததாக மகன் சொன்னார். தாள் எங்கே என்றால், "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க சார், அதனால வாங்கிக்கல" என்றார்.

காத்திருக்க நேரமில்லை. 108 வண்டியில் திருச்சிக்கு அனுப்பினோம். அங்கே ஆஞ்சியோகிராம் செய்து பார்த்ததில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. பின்னர் மகன் அந்தக் கண் மருத்துவமனைக்குச் சென்று பழைய கோப்பைக் கேட்டு வாங்கி வந்து காட்டினார். அதே மின்தடை இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தாளிலும் இருந்தது. அன்றிரவு அவரை அனுப்பியது தவறு என்று நாங்கள் கருதவில்லை. கையில் இருந்த செய்தியை வைத்துப் பார்த்தால் அதுவே சரி. ஆனால் அந்தப் பழைய தாளின் நகல் அவர் வீட்டில் இருந்திருந்தால் அந்த இரவு வேறு விதமாகக் கழிந்திருக்கும். எதிர் நிலைமையையும் எண்ணிப் பாருங்கள். பழைய தாளில் தடை இல்லை என்று தெரிந்திருந்தால், ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் இன்னும் விரைவாகச் செயல்பட்டிருப்போம்.

பரிசோதனை முடிவு 'நார்மல்' என்று சொல்லப்பட்டவுடன் அந்தத் தாளுக்கு வேலை முடிந்துவிட்டது என்று நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மையில் 'நார்மல்' என்று வந்த அறிக்கைதான் பிற்காலத்தில் பெரிதும் பயன்படுவது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை எடுத்துக்கொள்வோம். 60 வயது ஆண் ஒருவருக்கு அது 0.9 என்று இருந்து, பின்னர் 1.3 ஆகிறது என்று வையுங்கள். பல ஆய்வகங்களின் தாளில் 1.3 என்பதும் இயல்பு வரம்புக்குள்ளேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஒரு தாளை மட்டும் பார்க்கும் மருத்துவர் குறை சொல்ல ஏதுமில்லை என்று அடுத்த நோயாளியை அழைக்கக்கூடும். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துக் கணக்கிட்டால், அவருடைய சிறுநீரகம் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்திருப்பது தெரியவரும். சர்க்கரை நோய் உள்ளவருக்கும், மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குபவருக்கும் அது காலத்தில் கிடைத்த எச்சரிக்கை. முதல் தாள் தொலைந்துபோனால் எச்சரிக்கையும் தொலைந்துபோகும்.

மார்பு எக்ஸ்ரேயிலும் இவ்வாறே. காசநோய் வந்து ஆறிய தழும்பு நம் பகுதியில் பலருடைய நுரையீரலில் உண்டு. ஐம்பது வயதில் இருமலுக்காக எடுத்த படத்தில் அது தெரிந்தால் புற்றுநோயோ என்ற ஐயம் எழும், சி.டி. ஸ்கேன், ஊசி மூலம் சதை எடுத்தல் என்று அது நீளும். சில ஆண்டுகளுக்கு முந்தைய படம் ஒன்றிருந்து, அதில் அதே இடத்தில் அதே அளவில் அதே தழும்பு இருந்தால், பெரும்பாலும் அந்த ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கீரனூரின் இருப்பிடம் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. வடக்கே திருச்சி, தெற்கே புதுக்கோட்டை. காய்ச்சலுக்கு இங்கே, ஸ்கேனுக்குப் புதுக்கோட்டை, அறுவைக்குத் திருச்சி அல்லது தஞ்சாவூர், அதற்கும் மேல் மதுரை, வேலூர் என்று ஒரே குடும்பம் ஐந்து இடங்களுக்குச் சென்று வருகிறது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு அங்கேயும் ஒரு கோப்பு உண்டு. இந்த இடங்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. எல்லா இடங்களுக்கும் செல்பவர் நோயாளி ஒருவரே. எனவே முழு வரலாறும் சேரக்கூடிய ஒரே இடம் அவருடைய வீடுதான்.

அறிக்கையைக் கேட்பது மருத்துவரை நம்பாததுபோல் ஆகிவிடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டாம். இது உங்களுக்குக் காட்டப்படும் சலுகையன்று, உங்கள் உரிமை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகள், உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கின்றன. நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கேட்டால், அக்கோரிக்கைக்கு ஒப்புகை அளித்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும் என்றும், மறுப்பது மருத்துவரின் நடத்தைக் குற்றம் என்றும் அவை கூறுகின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இவற்றுக்கு மாற்றாகப் புதிய விதிமுறைகளை வெளியிட்டு, அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. எனவே 2002ஆம் ஆண்டு விதிகளே தொடர்ந்தன. அதற்கு முன்பே, 1996இல், நோயாளியின் ஆவணங்களை அவருக்குத் தர மறுக்க இயலாது என்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளிகள் உரிமைச் சாசனம், சிகிச்சையில் இருக்கும்போது கேட்டால் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பிய பின் கேட்டால் 72 மணி நேரத்துக்குள்ளும் தர வேண்டும் என்கிறது. நகலெடுக்கும் செலவை நோயாளியிடம் பெறலாம். அரசு மருத்துவமனையில் வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்னொரு வழி. அதில் பொதுவான கால வரம்பு 30 நாட்கள். உயிர் தொடர்பான தகவலென்றால் 48 மணி நேரம்.

இவ்விதிகளில் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று ஆண்டுகள் என்ற அந்தக் கடமை உள்நோயாளிகளின் ஆவணங்களைப் பற்றியது. புறநோயாளியாக வந்து, சீட்டுப் பெற்று, இரத்தம் கொடுத்து, முடிவை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செல்பவருக்கு, கையில் இருக்கும் அந்தத் தாளே பெரும்பாலும் ஒரே ஆவணம். அதை மருத்துவரின் மேசையில் விட்டுவிட்டுப் போனால் அதற்குப் பின் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. எங்கள் மேசைகளிலும் மாலையில் அப்படிச் சில தாள்கள் மிஞ்சுவதுண்டு. நெரிசலில் எடுத்துக் கொடுக்க நாங்களும் மறந்திருக்கிறோம். கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.

உள்நோயாளியாக இருந்தவர் கேட்கும்போது, 'டிஸ்சார்ஜ் சம்மரி' ஒன்றோடு நிறைவடைந்துவிட வேண்டாம். அது மருத்துவமனை வாசத்தின் சுருக்கம் மட்டுமே. 'இரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன' என்று அதில் ஒரு வரி இருக்கும். அடுத்த மருத்துவருக்கு வேண்டியதோ அந்த எண்கள். அறுவை நடந்திருந்தால் அறுவைக் குறிப்பும், எடுத்த சதைக்குச் செய்த பயாப்சி முடிவும் வேண்டும். பயாப்சி முடிவு நோயாளி வீடு திரும்பிச் சில நாட்களுக்குப் பிறகே வரும். அறுவைக்குப் பின் உடல் தேறிவிட்டதே என்று அதை வாங்கச் செல்லாமல் விட்டவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். பித்தப்பைக் கல்லுக்காகவோ கருப்பைக் கட்டிக்காகவோ செய்த அறுவையில், எதிர்பாராத புற்றுநோய் தெரியவருவது அந்தத் தாளில்தான். இந்த இதழைப் படிப்பவர்களில் யாரேனும் அப்படி ஒரு முடிவை வாங்காமல் விட்டிருந்தால், நாளையே சென்று வாங்குங்கள்.

கோரிக்கையை எழுத்தில் கொடுப்பது நல்லது. நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த நாள், சென்ற நாள், எந்தெந்த ஆவணங்களின் நகல் தேவை என்பன போதும். உங்களிடம் இருக்கும் படியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று நாளும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். 72 மணி நேரம் அந்தக் கையொப்பத்திலிருந்தே கணக்காகும். நோயாளியால் வர இயலாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்துடன் உறவினர் வரலாம். நோயாளி இறந்துவிட்டிருந்தால் இறப்புச் சுருக்கத்தையும் பரிசோதனை அறிக்கைகளையும் பெற உறவினருக்கு உரிமை உண்டு. விபத்து, நஞ்சருந்துதல் போன்ற காவல்துறை தொடர்புள்ள நிகழ்வுகளில் மூல ஆவணங்கள் மருத்துவமனையில் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது நகல்.

இனி, மருத்துவர்களின் தயக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அறிக்கையைக் கையில் கொடுத்தால் நோயாளி அஞ்சுவார், பாதி புரிந்துகொண்டு கலங்குவார் என்பது எங்களில் பலருடைய எண்ணம். இதே அச்சம் அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே 2010இல் மூன்று மருத்துவ நிறுவனங்களில் 100க்கும் மேற்பட்ட மருத்துவர்கள், தாங்கள் எழுதும் குறிப்புகளையே நோயாளிகள் படிக்கும்படி ஓராண்டு திறந்து வைத்தார்கள். ஆண்டு முடிவில் கருத்துக் கேட்டபோது, ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் இது தொடர வேண்டும் என்றார்கள்; ஒரு மருத்துவரும் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்நாட்டு நிலைமையை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். ஆயினும் தாளை மறைத்து வைப்பதால் அச்சம் குறைவதில்லை என்பதை நாங்களும் எங்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

அச்சத்துக்குப் பெரும் காரணம், தாளில் தடித்த எழுத்தில் வரும் எண்கள். 'இயல்பு வரம்பு' என்பது பெரும்பாலான பரிசோதனைகளில், நலமாக உள்ளவர்களில் 100க்கு 95 பேருக்கு இருக்கும் அளவைக் கொண்டு வகுக்கப்படுவது. அப்படியானால் நோயே இல்லாத 5 பேரும் அந்த வரம்புக்கு வெளியேதான் நிற்பார்கள். 'முழு உடல் பரிசோதனை' என்று இருபது முப்பது அளவுகளை ஒரே நாளில் பார்க்கும் நலமான ஒருவருக்கு, ஏதோ ஒன்று சற்றே கூடியோ குறைந்தோ வருவதில் வியப்பில்லை. தடித்த எழுத்தைக் கண்டு இரவெல்லாம் கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பதைவிட, அந்த வரியின் கீழ் ஒரு கோடிட்டு மறுநாள் எங்களிடம் கேளுங்கள். மாறாக, ஆய்வகத்திலிருந்தே தொலைபேசியில் அழைத்து 'உடனே மருத்துவரைப் பாருங்கள்' என்று சொன்னால், மறுநாள் வரை காத்திராதீர்கள். பொட்டாசியம் மிகுதல், இரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைதல் போன்றவற்றுக்கே அவ்வாறு அழைப்பார்கள்.

இதைவிடக் கடினமான நிலைமை ஒன்று உண்டு. அறிக்கையை வாங்கிய மகனோ மகளோ எங்கள் அறைக்குத் தனியாக வந்து, "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்" என்று கேட்பது. அந்த வேண்டுகோள் அன்பிலிருந்து வருவது என்பதை அறிவோம். அதைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனமில்லை. ஆனால் அறிக்கை அப்பாவுடையது. கீமோதெரபிக்காக மாதந்தோறும் திருச்சிக்குச் செல்லும் ஒருவர், எந்தப் பிரிவின் வாசலில் காத்திருக்கிறோம் என்பதைப் பலகையைப் பார்த்தே அறிந்துகொள்வார். பிறகு தமக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளிடம் மறைப்பார். ஒரே வீட்டில் இரு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துக்கொண்டு வாழ்வதைப் பலமுறை கண்டிருக்கிறோம். நிலம் யாருக்கு, கடன் எவ்வளவு, பேத்தி திருமணத்தை முன்னதாக வைத்துக்கொள்ளலாமா என்று அவர் சொல்ல வேண்டியிருந்தவை சொல்லப்படாமலே போய்விடுகின்றன. ஆகவே நாங்கள் இப்போது பரிசோதனைக்கு முன்பே நோயாளியிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம்: "முடிவு வந்ததும் உங்களிடமே சொல்லட்டுமா, வீட்டில் வேறு யாரிடமாவது சொல்ல வேண்டுமா?" "பையனிடம் சொல்லிவிடுங்கள், எனக்கு வேண்டாம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் உரிமைதான். தெரிந்துகொள்ள வேண்டாம் என்ற முடிவை எடுக்க வேண்டியவர் நோயாளி. அவர் சார்பில் மற்றவர் எடுப்பது சரியாகாது.

நோயாளியின் ஒப்புதலின்றி அறிக்கையை மற்றவரிடம் கொடுப்பதில் எங்களுக்குத் தடைகளும் உண்டு. கணவராயினும், மாமனாராயினும், ஊர்ப் பெரியவராயினும், வயது வந்த ஒருவரின் அறிக்கையை அவரைக் கேட்காமல் தர மாட்டோம். எச்.ஐ.வி. தொடர்பான முடிவுகளுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையான பாதுகாப்பை அளிக்கிறது. கர்ப்பகால ஸ்கேன் அறிக்கை தாய்க்கு உரியது. ஆனால் சிசு ஆணா பெண்ணா என்பதை எழுதவோ சொல்லவோ 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, அதைக் கேட்டு எங்கள் பணியாளர்களை வற்புறுத்த வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையைப் படமாகப் போடுமுன்பும் ஒரு கணம் யோசியுங்கள். போட்ட பின் அது எங்கெல்லாம் செல்லும் என்பது உங்கள் கையில் இல்லை.

வாங்கிய தாளைப் பாதுகாப்பதைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். இ.சி.ஜி. பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்துப் பதியும் தாளில் வருகிறது. ஓரிரு ஆண்டுகளில் கோடுகள் மங்கி வெற்றுத்தாளாகிவிடும். வாங்கிய வாரத்திலேயே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். சூடு பட்டவுடன் தாள் முழுதும் கறுத்துவிடும். பத்திரமாக இருக்கட்டுமே என்று அக்கறையோடு லேமினேஷன் செய்து, கறுத்த அட்டையைக் கொண்டு வந்து காட்டியவரிடம் நாங்கள் என்ன சொல்வது? எக்ஸ்ரே படங்களை மடிக்காமல், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்தால் படத்தாளோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். படத்தாளில் இருப்பவை தேர்ந்தெடுத்த சில காட்சிகள். குறுந்தகட்டில் எல்லாம் இருக்கும்.

பயாப்சியில் அறிக்கைத் தாளைத் தவிர, மெழுகில் பதித்த சதைத் துண்டும் கண்ணாடிச் சில்லுகளும் ஆய்வகத்தில் இருக்கும். வேறொரு மருத்துவமனையில் இரண்டாம் கருத்துக் கேட்க நேர்ந்தால் அவற்றையும் கேட்டுப் பெறலாம். நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்குச் செல்பவர்கள் இவற்றைக் கையோடு கொண்டு சென்றால், மீண்டும் சதை எடுக்க வேண்டிய தேவை பல நேரங்களில் நீங்கும்.

ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி வைத்த தாள்களை மேசைமேல் கொட்டி, "எல்லாம் இதில இருக்கு" என்பவர்கள் பலர். இருப்பது நல்லதே, ஆனால் ஐந்து நிமிடப் பார்வை நேரத்தில் நான்கு நிமிடம் தேடுவதில் போய்விடுகிறது. நெகிழி உறைகள் கொண்ட ஒரு கோப்பு வாங்கி, நாள் வரிசையில், புதியது மேலே வருமாறு அடுக்குங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு. தாயுடைய தாளும் தந்தையுடைய தாளும் கலந்துவிட்டால் தீங்கு நேரலாம். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நள்ளிரவில் கோப்பு வீட்டிலும் நோயாளி மருத்துவமனையிலும் இருக்கும்போது அதுவே உதவும். 2021இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க 'ஆபா' எண் உள்ளவர்கள், அதில் இணைந்த மருத்துவமனைகளின் அறிக்கைகளைக் கைப்பேசியிலேயே பெறலாம். இணையாத இடங்கள் இருக்கும்வரை தாளைக் கைவிட வேண்டாம்.

எங்கள் மருத்துவமனையில் நகல் வேண்டுவோர் ஆவண அறையில் எழுத்தில் கொடுக்கலாம். எழுத இயலாதவருக்கு அங்குள்ள பணியாளர் எழுதிக் கொடுப்பார். வேறு மருத்துவமனைக்கு அவசரமாக அனுப்பப்படும் நோயாளி இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகலை இரவுப் பணிச் செவிலியரே எடுத்து உடன் வருபவரிடம் தருவார். வண்டி புறப்படும் பரபரப்பில் அவர் மறந்துவிட்டால், தயங்காமல் நினைவூட்டுங்கள்.